இங்கிலாந்தின் வேளாண் சூழல் நிதியுதவித் திட்டங்கள்

இங்கிலாந்தின் வேளாண் சூழல் நிதியுதவித் திட்டங்கள் என்பவை, மண், நீர், காட்டுயிர், நிலத்தோற்றம் ஆகியவற்றைப் பேணும் முறையில் பயிர் செய்யவும் கால்நடை மேய்க்கவும் உடன்படும் உழவர்களுக்கு அரசு பணம் வழங்கும் திட்டங்கள் ஆகும். உழவர் தாமாக முன்வந்து குறித்த சில ஆண்டுகளுக்கு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். ஒப்பந்தத்தில் கூறிய செயல்களைச் செய்வதற்கு, அல்லது கூறிய செயல்களைச் செய்யாமல் இருப்பதற்கு, அவருக்கு ஆண்டுதோறும் பணம் தரப்படுகிறது. 1985இல் நார்ஃபோக் மாவட்டத்தின் ஒரு சதுப்புப் புல்வெளியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இம்முறை, பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பரவியது. ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னர், இங்கிலாந்தில் வேளாண்மைக்கான அரசு உதவியின் மையமாக இதுவே ஆக்கப்பட்டது.

அடிப்படைக் கருத்து

ஓர் உழவர் விளைவிக்கும் கோதுமைக்குச் சந்தையில் விலை உண்டு. அவருடைய வயலோரத்து உயிர்வேலியில் கூடு கட்டும் பறவைக்கோ, அவர் நிலத்தின் வழியாக வடிந்து ஆற்றில் சேரும் தூய நீருக்கோ விலை இல்லை. அவற்றின் பயனை ஊரார் அனைவரும் பெறுகின்றனர்; செலவை உழவர் ஒருவரே ஏற்கிறார். பொருளியலார் இத்தகையவற்றைப் பொதுநலப் பண்டங்கள் என்பர். விலை இல்லாத பொருளை எவரும் போதிய அளவில் உண்டாக்கமாட்டார் என்பதால், அந்த விலையை அரசே தருவது இத்திட்டங்களின் கருத்து.

இதற்கு மாற்றான வழி தண்டனை ஆகும். ஆற்றை மாசுபடுத்துவோரிடம் தண்டம் வசூலிப்பது ஓர் எடுத்துக்காட்டு. எதுவரை உழவரின் கடமை, எதற்கு மேல் பொதுமக்கள் பணம் தரவேண்டும் என்னும் எல்லைக்கோடு எளிதில் வரையக்கூடியது அன்று. இங்கிலாந்தில் அக்கோடு பலமுறை இடம் மாறியுள்ளது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரில் கடற்போக்குவரத்துத் தடையால் ஏற்பட்ட உணவு நெருக்கடி பிரித்தானிய அரசின் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. 1947ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம் முதன்மையான விளைபொருட்களுக்கு உறுதியளிக்கப்பட்ட விலையை வழங்கியது. ஈரநிலங்களை வடிகால் வெட்டி உலர்த்தவும், பெரிய இயந்திரங்கள் திரும்ப இடமளிக்கும் வகையில் உயிர்வேலிகளை அகற்றவும் அரசே மானியம் அளித்தது. 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்த பின்னர், அதன் பொது வேளாண் கொள்கை இன்னும் வலுவான விலைத் தாங்கலை அளித்தது. எவ்வளவு விளைந்தாலும் கொள்முதல் செய்யப்படும் என்ற நிலையில், எவ்வளவு முடியுமோ அவ்வளவு விளைவிப்பதே அறிவுடைமை ஆயிற்று.

விளைச்சல் பெருகியது, ஐரோப்பாவின் கிடங்குகளில் வெண்ணெயும் தானியமும் குவிந்தன. மறுபுறம், 1930களுக்கும் 1984க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த பூக்கள் செறிந்த தாழ்நிலப் புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துவிட்டது என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. இவ்வழிவில் பெரும்பகுதி சட்டத்தை மீறி நடந்தது அன்று. அரசின் ஊக்குவிப்போடும் அரசின் பணத்தோடும் நடந்தது.

ஹால்வர்கேட் நிகழ்வு

இங்கிலாந்தின் கிழக்கில், நார்ஃபோக் பகுதியில் உள்ள ஆழமற்ற நீர்நிலைகளும் அவற்றை அடுத்த ஈரப் புல்வெளிகளும் பிராட்சு எனப்படும். அவற்றுள் ஹால்வர்கேட் சதுப்புப் புல்வெளி, மாடுகள் மேயும் திறந்த சமவெளி ஆகும். 1980களின் தொடக்கத்தில் சில உழவர்கள் இதனை வடிகட்டி, உழுது, கோதுமை விதைக்க விரும்பினர். அன்றைய ஐரோப்பிய விலையில் மாடு மேய்ப்பதைவிடக் கோதுமை பன்மடங்கு ஆதாயம் தந்தது.

1981ஆம் ஆண்டு காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் அணுகுமுறைப்படி, ஓர் உழவரைத் தடுக்க வேண்டுமாயின் அவர் இழக்கும் இலாபத்தை ஈடுசெய்ய வேண்டும். இதில் ஒரு வேடிக்கை இருந்தது. அந்த இலாபமே பெரும்பாலும் அரசு மானியத்தால் உருவானது. ஆகவே மக்கள் கோதுமை விளைவிக்க மானியம் தரவேண்டும். அல்லது அந்த மானியத்தைப் பெறாமல் போனதற்கு இழப்பீடு தரவேண்டும். உழப்போவதாக அறிவிப்பதே பணம் பெறும் வழி என்ற நிலையும் ஏற்பட்டது. பல தலைமுறைகளாக நிலத்தைக் கெடுக்காமல் வைத்திருந்த அண்டை உழவருக்கோ எதுவும் கிடைக்கவில்லை.

1984இல் அங்குக் கலப்பைகள் இறங்கியபோது சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் நேரில் சென்று மறித்தனர். செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு, நாட்டுப்புற ஆணையமும் வேளாண் அமைச்சகமும் இணைந்து பிராட்சு மேய்ச்சல் சதுப்புநிலக் காப்புத் திட்டத்தை மூன்று ஆண்டுச் சோதனையாகத் தொடங்கின. இதன் அமைப்பு மிக எளிமையானது. புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்திருந்து, கால்நடை எண்ணிக்கையையும் உரத்தையும் கட்டுக்குள் வைக்கும் எந்த உழவருக்கும் ஏக்கருக்கு 50 பவுண்டு வழங்கப்படும். உழப்போவதாக அச்சுறுத்தத் தேவையில்லை. இழந்த இலாபத்தைத் தனித்தனியே கணக்கிடத் தேவையில்லை. அப்பகுதி உழவர்களில் மிகப் பெரும்பாலோர் சேர்ந்தனர்.

கெடுக்காமல் இருப்பதற்கான இழப்பீடு என்ற நிலை மாறி, பேணுவதற்கான ஊதியம் என்ற நிலை இங்குத் தோன்றியது. பின்வந்த திட்டங்கள் அனைத்தும் இதன் வழித்தோன்றல்களே.

முதல் திட்டங்கள்

இத்தகைய கொடுப்பனவை ஐரோப்பியச் சட்டம் அனுமதிக்க வேண்டியிருந்தது. ஐக்கிய இராச்சியத்தின் வற்புறுத்தலால், 1985ஆம் ஆண்டின் 797ஆம் இலக்க ஒழுங்குவிதியில் 19ஆம் பிரிவாக அதற்கு இடம் கிடைத்தது. 1986ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டத்தின் கீழ், 1987இல் சூழல் உணர்திறன் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. இங்கிலாந்தில் முதலில் அறிவிக்கப்பட்டவை ஐந்து: பிராட்சு, பென்னைன் பள்ளத்தாக்குகள், சாமர்செட் சமநிலங்கள், தெற்கு டவுன்சு குன்றுகள், கார்ன்வாலின் மேற்குப் பென்வித். பின்னர் இவ்வெண்ணிக்கை 22 ஆக உயர்ந்தது.

ஒவ்வொரு பகுதிக்கும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. பென்னைன் பள்ளத்தாக்குகளில், பூக்கள் விதை முற்றும்வரை வைக்கோற்புல்லை அறுக்காதிருப்பதும் கல்மதில்களைப் பழுதுபார்ப்பதும் நிபந்தனைகள். சாமர்செட்டில், வாய்க்கால்களில் நீர்மட்டத்தை உயர்த்தி வைப்போருக்குக் கூடுதல் தொகை. ஒரு பகுதிக்குள் இருப்போர் பணம் பெற, எல்லைக்கு ஒரு வயல் தள்ளி இருப்போர் பெறமுடியாதது இம்முறையின் குறை. 1991இல் தொடங்கிய கன்ட்ரிசைடு ஸ்டூவர்ட்ஷிப் எனும் நாட்டுப்புறப் பேணல் திட்டம், பிற பகுதிகளின் உழவர்களுக்கும் வாய்ப்பளித்தது. 1992இல் ஐரோப்பிய உறுப்பு நாடுகள் அனைத்தும் வேளாண் சூழல் திட்டங்களை நடத்துதல் கட்டாயமாயிற்று.

தொகையைக் கணிக்கும் முறை

இத்திட்டங்களைப் புரிந்துகொள்ள, தொகை எவ்வாறு முடிவாகிறது என்பதை அறிதல் இன்றியமையாதது. ஐரோப்பிய விதிகளின்படி தொகையானது இரண்டின் கூட்டு: உழவர் இழக்கும் வருமானம், அவருக்கு ஏற்படும் கூடுதல் செலவு. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வேளாண் உடன்படிக்கையும் இதையே கூறுகின்றது. வணிகத்தைத் திரிக்காத மானியங்கள் பச்சைப் பெட்டி என்ற வகையில் வைக்கப்பட்டு, குறைப்புக் கடப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கப்படுகின்றன. சூழல் கொடுப்பனவு அவ்வகையில் இடம்பெற, அது கூடுதல் செலவையோ இழந்த வருமானத்தையோ மிஞ்சக்கூடாது.

இவ்விதி நியாயமானதாகத் தோன்றினாலும், அதன் விளைவுகள் பல.

முதலாவது, கொடுப்பனவு சூழலுக்கு விளையும் நன்மையின் அளவைப் பொறுத்தது அன்று. அழிந்துவரும் பறவை ஒன்று கூடுகட்டும் வயலோரமும், எதுவும் கூடுகட்டாத வயலோரமும் ஒரே தொகையைப் பெறும்.

இரண்டாவது, தொகை சராசரியைக் கொண்டு கணிக்கப்படுகிறது. வளம் குறைந்த நிலத்தை உடையவர் இழப்பது சராசரியிலும் குறைவு என்பதால் அவருக்குத் திட்டம் ஆதாயமானது. மிகுவிளைச்சல் நிலத்தை உடையவருக்கு அது நட்டமானது. எனவே காட்டுயிர் ஏற்கனவே ஓரளவு எஞ்சியிருக்கும் மேட்டுநிலங்களே திட்டங்களில் எளிதாகச் சேர்ந்தன. அவை பெரிதும் அழிந்துபோன கிழக்கு இங்கிலாந்தின் தானிய வயல்கள் எளிதில் சேரவில்லை.

மூன்றாவது, இழந்த வருமானம் சந்தை விலையோடு ஏறி இறங்குகிறது. ஒப்பந்தத் தொகை அவ்வாறு ஏறி இறங்குவதில்லை. கோதுமை விலை உயர்ந்தால் உழவர் விலகி நிற்பர். விலை வீழ்ந்தால் முண்டியடித்து வருவர். இந்த மூன்றாவது விளைவு 2022க்குப் பின் மிகத் தெளிவாகக் காணப்பட்டது.

2005: அகலமும் ஆழமும்

2001இல் பரவிய கோமாரி நோய்க்குப் பின்னர் வேளாண்மையின் எதிர்காலத்தை ஆராய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. 2002இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஏறக்குறைய எல்லா உழவரும் சேரக்கூடிய அகலமான, ஆழம் குறைந்த ஒரு திட்டத்தைப் பரிந்துரைத்தது. அதன்படி 2005இல் சூழல் பேணல் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் இரண்டு நிலைகள் இருந்தன. நுழைவுநிலை ஐந்தாண்டு ஒப்பந்தம். விரும்பும் எவரும் சேரலாம். உயர்நிலை பத்தாண்டு ஒப்பந்தம். சூழல் மதிப்பு மிக்க நிலங்கள் மட்டும் அலுவலரின் நேரடி ஆலோசனையுடன் தேர்ந்தெடுக்கப்பட்டன.

நுழைவுநிலையின் கணக்கு ஒரு பள்ளித் தேர்வை ஒத்திருந்தது. ஒரு எக்டேருக்கு 30 புள்ளிகள் வீதம் சேர்த்தால், எக்டேருக்கு 30 பவுண்டு கிடைக்கும். 100 எக்டேர் பண்ணைக்கு 3,000 புள்ளிகள் தேவை. புள்ளிகளை எச்செயல்களால் சேர்ப்பது என்பது உழவரின் விருப்பம். உயிர்வேலியை இருபுறமும் விதிப்படி பராமரித்தால் 100 மீட்டருக்கு 22 புள்ளிகள். வேலியின் மறுபுறம் அண்டை வீட்டாருடையது எனில் 11 புள்ளிகள். ஆகவே 10 கிலோமீட்டர் வேலி உள்ள பண்ணை, ஏற்கனவே இருக்கும் வேலியைக் கொண்டே 2,200 புள்ளிகளை ஈட்டிவிடும். இதற்கு மாறாக, தானிய வயலின் நடுவே வானம்பாடிக்காக விதைக்காமல் விடப்படும் சிறு திட்டு ஒன்றுக்கு 5 புள்ளிகள் மட்டுமே.

வானம்பாடித் திட்டு என்பது ஆய்வின் வழியே உருவான நல்லதொரு உத்தி. இலையுதிர்காலத்தில் விதைக்கப்படும் கோதுமை, வேனிற்காலத்தில் மிக அடர்த்தியாகவும் உயரமாகவும் வளர்ந்துவிடுகிறது. அதனால் தரையில் கூடுகட்டும் வானம்பாடியால் இரண்டாம், மூன்றாம் முறை குஞ்சு பொரிக்க இயலுவதில்லை. விதைக்கும் கருவியைச் சில நொடிகள் தூக்கிப்பிடித்து, எக்டேருக்கு இரண்டு சிறு வெற்றிடங்களை விட்டால், பறவைகள் அங்கு இறங்கி இரை தேட முடிகிறது. விளைச்சல் இழப்பு மிகக் குறைவு. எனினும் மிகச் சில உழவரே இதனைத் தேர்ந்தனர். பயிரின் நடுவே களைமண்டிய திட்டு தெரிவதைப் பல உழவர்கள் ஒழுங்கற்ற உழவின் அடையாளமாகக் கருதினர் என்பதும் ஒரு காரணம். உயிர்வேலியே போதிய புள்ளிகளைத் தந்துவிடும்போது, வயலுக்குள் கைவைக்கத் தேவையும் இல்லை.

தொடக்கத்தில் மண் பராமரிப்புத் திட்டம், உரப் பயன்பாட்டுத் திட்டம் போன்ற ஆவணங்களை எழுதி வைப்பதற்கே புள்ளிகள் தரப்பட்டன. ஐரோப்பிய ஆணையத்தின் ஆட்சேபத்தால் இவை சில ஆண்டுகளில் நீக்கப்பட்டன.

எவ்வாறாயினும் நாட்டின் வேளாண் நிலத்தில் பாதிக்கும் மேற்பட்டது ஒப்பந்தங்களின் கீழ் வந்தது. ஆனால் வயல்வெளிப் பறவைகளின் எண்ணிக்கையைக் காட்டும் தேசியக் குறியீடு மீளவில்லை. 1970ஆம் ஆண்டு நிலையோடு ஒப்பிட அது பாதிக்கும் கீழாகவே இருந்து வருகிறது. இயல்பாகவே நடந்திருக்கக்கூடிய ஒன்றுக்குப் பணம் தருவது இவ்வகைத் திட்டங்களின் மிகப் பெரிய விரயம் என்று விமர்சகர்கள் சுட்டினர். பணம் இல்லாவிடில் அவ்வேலிகள் அகற்றப்பட்டிருக்கும் அல்லது கண்டபடி வெட்டப்பட்டிருக்கும் என்று ஆதரவாளர்கள் பதிலளித்தனர். நடக்காமல் போன ஒன்றை அளந்து காட்டுவது இரு தரப்புக்கும் அரிது.

சிர்ல் பண்டிங்: ஒரு வெற்றி

திட்டம் சரியாக வகுக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்குத் தெற்கு டெவன் பகுதியின் சிர்ல் பண்டிங் என்ற சிறு பறவை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. தென் இங்கிலாந்து முழுதும் ஒரு காலத்தில் காணப்பட்ட இப்பறவை, 1989இல் ஏறத்தாழ 120 இணைகளாகக் குறைந்து, டெவன் கடலோரத்தில் ஒடுங்கிவிட்டது.

காரணம் ஆய்வில் கண்டறியப்பட்டது. முன்பு வாற்கோதுமை வசந்தத்தில் விதைக்கப்பட்டது. அறுவடைக்குப் பின் தாள்கட்டைகள் குளிர்காலம் முழுதும் வயலில் நின்றன. சிந்திய தானியமும் களைவிதையும் பறவைக்கு உணவாயின. இலையுதிர்கால விதைப்புக்கு உழவர்கள் மாறியதும், அறுத்த உடனேயே வயல் உழப்பட்டது. குளிர்கால உணவு இல்லாமற் போயிற்று. கோடையில் குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளி தேவை. அதற்கு அடர்ந்து வளர்ந்த புல் வேண்டும். கூடுகட்டத் தடித்த உயிர்வேலி வேண்டும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில் அமைய வேண்டும், ஏனெனில் இப்பறவை தொலைவு செல்வதில்லை.

நாட்டுப்புறப் பேணல் திட்டத்தின் கீழ் இப்பகுதிக்கெனத் தனிச் செயல் ஒன்று வகுக்கப்பட்டது. வசந்தகால வாற்கோதுமையைக் குறைந்த களைக்கொல்லியுடன் பயிரிட்டு, தாளைக் குளிர்காலம் முழுதும் விட்டுவைக்கும் உழவருக்கு அதன் இழப்பை ஈடுசெய்யும் தொகை வழங்கப்பட்டது. பறவைகள் காப்புக்கான அரச சங்கத்தின் அலுவலர் பண்ணை பண்ணையாகச் சென்று, எந்த வயலில் எதைச் செய்வது என்று உழவரோடு அமர்ந்து முடிவுசெய்ததுடன், விண்ணப்பம் நிரப்பவும் உதவினார். 2016 கணக்கெடுப்பில் இணைகளின் எண்ணிக்கை 1,000ஐக் கடந்தது. 2006 முதல் கார்ன்வாலிலும் இப்பறவை மீள அறிமுகப்படுத்தப்பட்டது.

இங்கு எந்த வளம் பற்றாக்குறையாக உள்ளது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. பணம் அதே வளத்துக்குத் தரப்பட்டது. கால் நூற்றாண்டு இடைவிடாமல் தரப்பட்டது. இத்தனையும் ஒருங்கே அமைவது அரிது.

நேரடிக் கொடுப்பனவும் அதன் முடிவும்

மேற்கண்ட திட்டங்கள் அனைத்தும் ஐரோப்பிய வேளாண் நிதியின் சிறு பகுதியே. பெரும்பகுதி வேறு வழியில் சென்றது. 2003 சீர்திருத்தத்தின்படி விளைச்சலோடு இணைந்த மானியம் நீக்கப்பட்டு, வைத்திருக்கும் நிலப்பரப்புக்கு ஏற்ப நேரடியாகப் பணம் வழங்கும் முறை 2005இல் வந்தது. 2015 முதல் இது அடிப்படைக் கொடுப்பனவுத் திட்டம் எனப்பட்டது. 2020 அளவில் இங்கிலாந்தில் ஒரு எக்டேருக்குச் சுமார் 230 பவுண்டு கிடைத்தது. நிலம் மிக்கவர்க்குப் பணமும் மிகுதி. பெறுவோரில் மேலுள்ள 10 விழுக்காட்டினர் மொத்தத் தொகையில் 47 விழுக்காட்டையும், கீழுள்ள 20 விழுக்காட்டினர் 2 விழுக்காட்டையும் பெற்றனர் என்று 2018இல் அரசே கூறியது.

நிர்வாகமும் எளிதாக இருக்கவில்லை. பணம் பரப்பளவைப் பொறுத்தது எனில், நாட்டின் ஒவ்வொரு வயலையும் அளந்த வரைபடம் வேண்டும். குளம், மரக்கூட்டம், பாதை ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். 2005 திட்டத்தில் கிராமப்புறக் கொடுப்பனவு முகமை இதனை உரிய காலத்தில் முடிக்க இயலாமல், பல்லாயிரம் உழவர்க்குப் பணம் மாதக்கணக்கில் தாமதமாயிற்று. 2015இல் புதிய இணையவழி விண்ணப்பத்தின் வரைபடப் பகுதி இயங்காமையால், விண்ணப்பக் காலத்தின் நடுவே காகிதப் படிவங்களுக்குத் திரும்ப நேர்ந்தது. ஒரு மானியத் திட்டத்தின் தரம் அதன் நோக்கத்தை மட்டும் பொறுத்தது அன்று. அதனை இயக்கும் தரவுத்தளத்தையும் பொறுத்தது என்பதை இந்நிகழ்வுகள் காட்டின.

2016 வாக்கெடுப்புக்குப் பின், பொதுப் பணம் பொதுநலப் பண்டங்களுக்கே என்ற முழக்கத்துடன் அரசு புதிய கொள்கையை அறிவித்தது. 2020 நவம்பரில் நிறைவேறிய வேளாண்மைச் சட்டம், எவற்றுக்காக அரசு நிதியுதவி வழங்கலாம் என்று பட்டியலிட்டது. சூழல் காப்பு, காலநிலை மாற்றத்தைத் தணித்தல், மண் வளம், விலங்கு நலம், பொதுமக்கள் நிலத்தில் நடந்து செல்ல வழிவிடுதல், பண்பாட்டு மரபு ஆகியவை அதில் உள்ளன. நேரடிக் கொடுப்பனவு 2021 முதல் 2027 வரையான ஏழாண்டுகளில் படிப்படியாக நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. விடுபடும் பணம் சூழல் நிலமேலாண்மைத் திட்டங்கள் என்ற பெயரில் மூன்று திட்டங்களுக்கு உரியதாயிற்று. அவற்றுள் எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவானது நிலைத்த வேளாண்மை ஊக்கத்தொகை. மற்ற இரண்டும் குறிப்பிட்ட வாழிடங்களை மீட்பதற்கும், பரந்த நிலத்தோற்றங்களை நீண்ட கால அளவில் மாற்றியமைப்பதற்கும் உரியவை.

நிலைத்த வேளாண்மை ஊக்கத்தொகை

2022இல் இத்திட்டம் மண்ணை மட்டும் முதன்மைப்படுத்தித் தொடங்கப்பட்டது. பயிர்நில மண்ணுக்கான தொடக்கநிலைத் தொகை எக்டேருக்கு 22 பவுண்டு. அவ்வாண்டு உக்ரைன் போரால் கோதுமை விலை டன்னுக்கு 300 பவுண்டைத் தாண்டியிருந்தது. 22 பவுண்டுக்காகப் படிவம் நிரப்ப மிகச் சிலரே முன்வந்தனர். ஒதுக்கிய நிதி முழுதும் செலவாகாமல் தேங்கியது.

2023 செப்டம்பரில் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. உழவர் 23 செயல்களிலிருந்து தமக்கு வேண்டியதைப் பொறுக்கியெடுக்கலாம்; 2024இல் இவை நூற்றுக்கும் மேலாகப் பெருகின. ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்றாண்டு. எக்டேர் ஒன்றுக்கான 2024ஆம் ஆண்டுத் தொகைகள் சில: பூச்சிக்கொல்லி தெளிக்காமை 45 பவுண்டு, குளிர்காலத்தில் பல்வகை மூடுபயிர் 129 பவுண்டு, மூலிகையும் பயறின வகையும் கலந்த மேய்ச்சற்புல் 382 பவுண்டு, பயறினத் தரிசு 593 பவுண்டு, குளிர்காலப் பறவைகளுக்கான உணவுப்பயிர் 853 பவுண்டு.

இதற்குள் சந்தை மாறிவிட்டது. கோதுமை விலை வீழ்ந்தது. 2023-24 குளிர்காலத்துப் பெருமழையால் பல வயல்களில் விதைக்கவே இயலவில்லை. வெள்ளம் நின்ற வயலில் பயிர் என்பது ஐயத்துக்குரியது. பறவை உணவுப்பயிருக்கான 853 பவுண்டோ உறுதியானது. சில பண்ணைகள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இத்தகைய செயல்களுக்கு மாற்ற முயன்றன. உணவு உற்பத்தி குறையும் என்ற எதிர்ப்பு எழவே, 2024 மார்ச்சில் அரசு, நிலத்தை உற்பத்தியிலிருந்து விலக்கும் ஆறு செயல்களைப் பண்ணைப் பரப்பில் 25 விழுக்காட்டுக்குள் மட்டுப்படுத்தியது. அச்செயல்களுக்கான தொகை, வயலின் ஓரங்களையும் மூலைகளையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. முழு வயல்களை அல்ல.

2025 மார்ச் மூடல்

திட்டம் முதலில் வருபவர்க்கு முதலில் என்ற முறையில் இயங்கியது. யார் எவ்வளவு கேட்டாலும் தகுதி இருந்தால் வழங்கப்படும். நிதியோ வரம்புடையது. 2025 மார்ச் 11 அன்று மாலை, இரண்டு ஆண்டுகளுக்கான 105 கோடி பவுண்டும் ஒதுக்கப்பட்டுவிட்டதாகக் கூறி, அரசு புதிய விண்ணப்பங்களை உடனடியாக நிறுத்தியது. நிறுத்துவதற்கு ஆறு வாரங்களுக்கு முன் அறிவிப்புத் தரப்படும் என்று முன்னர்க் கூறப்பட்டிருந்தமையால் உழவரிடையே கடும் அதிருப்தி எழுந்தது. அப்போது 37,000 ஒப்பந்தங்கள் நடைமுறையில் இருந்தன, அவை தொடர்ந்தன.

பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவினது அன்று. ஆலோசகரை அமர்த்தக்கூடிய பெரிய பண்ணைகள் முன்னதாகவே விண்ணப்பித்திருந்தன. சிறு பண்ணையினரும் குன்றுப்பகுதி உழவரும், தமக்கு ஏற்ற செயல்கள் அறிமுகமாகும் எனக் காத்திருந்தோரும் வெளியே நின்றனர். பழைய ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்திருந்தவர்கள், அதாவது நீண்ட காலமாகச் சூழல் முறையில் உழுதுவந்தவர்கள் பலரும் இவருள் அடங்குவர். ஹால்வர்கேட்டில் உழாமல் இருந்த அண்டை உழவரின் நிலை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் திரும்பியது எனலாம். அதே ஆண்டில் நேரடிக் கொடுப்பனவின் எச்சமும் கடுமையாக வெட்டப்பட்டது. முதல் 30,000 பவுண்டில் 76 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட தொகை முழுவதும் குறைக்கப்பட்டமையால், எவரும் அவ்வாண்டு 7,200 பவுண்டுக்கு மேல் பெற இயலவில்லை.

சட்ட நடவடிக்கை அச்சுறுத்தலை அடுத்து, 2025 மே மாதத்தில், விண்ணப்பத்தைத் தொடங்கி முடிக்காமல் இருந்த ஏறத்தாழ 3,000 பேருக்கு மீண்டும் வாய்ப்பளிக்க அரசு இணங்கியது. அடுத்த மாத நிதி அறிவிப்பில் சூழல் நிலமேலாண்மைத் திட்டங்களுக்கான ஆண்டுத்தொகை 2028-29க்குள் 200 கோடி பவுண்டாக உயர்த்தப்படும் எனக் கூறப்பட்டது. 2021ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டத்தின்படி இங்கிலாந்தில் உயிரினங்களின் எண்ணிக்கைச் சரிவை 2030க்குள் நிறுத்துவது சட்டக் கடப்பாடு ஆகும். அதற்கு அரசு கையில் உள்ள முதன்மைக் கருவி இத்திட்டங்களே.

பயனுக்கு ஏற்ற கொடுப்பனவு

செயலுக்குப் பணம் தருவதற்கு மாறாக, விளைந்த பயனுக்குப் பணம் தரும் முறையும் சோதிக்கப்பட்டது. 2016 முதல் யார்க்சயர் வென்சுலிடேல் பகுதியின் புல்வெளிகளிலும், நார்ஃபோக், சஃபோக் பகுதிகளின் பயிர்நிலங்களிலும் இச்சோதனை நடந்தது. உழவர் தம் புல்வெளியில் நடந்து, குறித்த பூச்செடி வகைகளில் எத்தனை உள்ளன என்று தாமே எண்ணுவார். வகைகள் மிகுந்தால் தொகையும் மிகும். எப்போது அறுப்பது, எவ்வளவு எரு இடுவது என்பவற்றை அரசு கூறாது. அவை உழவரின் அறிவுக்கு விடப்பட்டன. தம் நிலத்தில் என்ன வளர்கிறது என்பதை உழவர்கள் உற்று நோக்கத் தொடங்கியது இதன் முதற்பயன். மழை பொய்த்தாலோ, அண்டை நிலத்து உரம் கசிந்தாலோ, உழவர் தவறிழைக்காமலே தொகை குறையலாம் என்பது இதிலுள்ள இடர்.

குத்தகை உழவர்

இங்கிலாந்தின் வேளாண் நிலத்தில் கணிசமான பகுதி குத்தகையில் உள்ளது. புதிய குத்தகைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. பத்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட இத்தகைய உழவரால் இயலாது. மரம் நடுதல் போன்றவற்றுக்கு நிலவுடைமையாளரின் இசைவும் வேண்டும். சூழல் தொகை குத்தகையைவிட மிகுந்தால், உடைமையாளர் நிலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அச்சமும் உண்டு. குத்தகையாளர் நிலைபற்றி 2022இல் வெளிவந்த ஆய்வறிக்கை இவற்றை எடுத்துரைத்தது. நிலைத்த வேளாண்மை ஊக்கத்தொகை மூன்றாண்டு ஒப்பந்தமாக, உடைமையாளரின் இசைவு கோராமல் அமைக்கப்பட்டதற்கு இதுவும் காரணம். ஆயின் உயிர்வேலி தடிக்கவும் மண்ணில் மக்கு சேரவும் மூன்றாண்டு போதாது.

பிற நாடுகள்

ஐக்கிய இராச்சியத்தில் வேளாண்மை அந்தந்த நாட்டு ஆட்சிக்கு உரிய துறை. ஆகையால் மேற்கூறிய 2005க்குப் பிந்திய சூழல் திட்டங்கள் இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை. ஸ்காட்லாந்து நேரடிக் கொடுப்பனவைக் கைவிடாமல், அதற்கான நிபந்தனைகளைக் கூட்டும் வழியைத் தேர்ந்தது. வேல்சு, ஒவ்வொரு பண்ணையிலும் 10 விழுக்காடு மரப்போர்வை இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை முதலில் முன்வைத்தது. 2024இல் உழவர்கள் பெருந்திரளாகப் போராடியபின் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. வேல்சின் நிலைத்த வேளாண்மைத் திட்டம் அந்நிபந்தனை இன்றி 2026 சனவரியில் தொடங்கியது.